போனுக்கும் பொருத்தம் பார்க்கணும்!

பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் பத்துப் பொருத்தம் பார்க்கிறோம். மாடு வாங்கினால் சுழி பார்க்கிறோம். விதை போட்டால் பட்டம் பார்க்கிறோம். செல்போன், சிம் கார்டு, மொபைல் ஸ்டார்ட்டர் வாங்கும்போது மட்டும் விலையைக் கேட்பதோடு நிறுத்திக்கொள்கிறோம். 'இதுவும் அதுவும் ஒன்றோடு ஒன்று சேருமா?' என்று கேட்பதில்லை. அதனால் வரும் நஷ்டம் சில நேரம் போன் விலையோடு நிற்காது, வயல்வரை வந்துவிடும்.

வந்தவாசி பக்கத்தில் ஒரு விவசாயிக்கு அப்படித்தான் நடந்தது. ஒன்றரை ஏக்கரில் நிலக்கடலை. வீட்டிலிருந்து கிணறு ஒரு கிலோமீட்டருக்கும் மேல். மும்முனை கரண்ட் ராத்திரி வரும் நாட்களில், டார்ச் லைட்டோடு வரப்பில் நடந்துபோய் மோட்டார் போட்டுக்கொண்டிருந்தவர். ஒருநாள் கண்ணாடி விரியனை மிதிக்கப் பார்த்து தப்பினார். அதன்பிறகு மொபைல் ஸ்டார்ட்டர் மாட்டினார். திண்ணையில் உட்கார்ந்தபடி போன் போட்டால் மோட்டார் ஓடும். மறுபடி போட்டால் நிற்கும். கரண்ட் வந்தால் பெட்டியே தகவல் சொல்லும். ஒரு வருஷம் ஒரு குறையும் இல்லை.

பொங்கலுக்கு ஊருக்கு வந்த மகன், வீட்டிலிருந்த மூன்று சிம்களையும், நம்பர் மாறாமல் ஒரே கம்பெனிக்கு மாற்றினார். "மூணும் ஒரே கம்பெனியா இருந்தா வருஷத்துக்கு நல்ல மிச்சம்பா" என்றார். அந்த மூன்றில் ஒன்று மோட்டார் பெட்டிக்குள் இருந்த சிம். மாறிய நாளிலிருந்து மோட்டார் நம்பருக்குப் போன் போட்டால், 'தொடர்பு எல்லைக்கு வெளியே' என்றே பதில் வந்தது.

மெக்கானிக் வந்து பார்த்தார். "போர்டு போயிருக்கும்" என்று பெட்டியைக் கழற்றி டவுனுக்கு எடுத்துப்போனார். ஸ்டார்ட்டரும் அதே பெட்டிக்குள் இருந்ததால், ஆறு நாள் மோட்டாரே ஓடவில்லை. கார்த்திகையில் விதைத்த கடலை. விழுது இறங்கும் நேரம். அந்தப் பருவத்தில் மண் ஈரமாக இல்லாவிட்டால் விழுது மண்ணுக்குள் இறங்காது. இறங்கினாலும் காய் பிடிக்காது. ஆறாவது நாள், டவுன் கடையில் இருந்த பையன் வேறொரு சிம்மை எடுத்துப் பெட்டியில் போட்டார். சிக்னல் விளக்கு உடனே மின்னியது.

"ஐயா, பெட்டி நல்லாத்தான் இருக்கு. நீங்க போட்ட சிம்மும் நல்ல சிம்தான். ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு சேராது, அவ்வளவுதான்."

பெட்டிக்கு எந்த சிம்?

செல்போன் டவர்களில் 2ஜி, 3ஜி, 4ஜி, 5ஜி என்று தலைமுறைகள் இருக்கின்றன. பட்டன் போனில் பேசுவதற்கு வந்தது 2ஜி. நம் ஊர்களில் சில வருடங்களுக்கு முன் மாட்டிய மொபைல் ஸ்டார்ட்டர்களில் பெரும்பாலானவை 2ஜி பெட்டிகள். போன் அழைப்பை எடுப்பதும், எஸ்.எம்.எஸ் அனுப்புவதும்தான் அதன் வேலை. அதற்கு 2ஜி போதும் என்பதால் அப்படிச் செய்தார்கள்.

எல்லா கம்பெனி டவரிலும் 2ஜி கிடையாது. 2016-ல் சேவை தொடங்கிய ஜியோ, ஆரம்பத்திலேயே 4ஜி மட்டும்தான். அதில் பேச்சும் 4ஜி வழியாகவே போகும். அதற்கு 'வோல்ட்இ' என்று பெயர். ஆகவே, ஜியோ சிம்மை 2ஜி பெட்டியில் போட்டால் சிக்னலே கிடைக்காது. ஏர்டெல், வி.ஐ, பி.எஸ்.என்.எல் ஆகியவை 2ஜி சேவையும் தருகின்றன. அந்த சிம்கள் 2ஜி பெட்டிக்குச் சேரும். இதில் எந்தக் கம்பெனி உசத்தி, எது மட்டம் என்ற பேச்சே இல்லை. டிராக்டரில் பூட்ட வேண்டிய கலப்பையை மாட்டில் பூட்டினால், குற்றம் மாட்டின் மீதும் இல்லை, கலப்பையின் மீதும் இல்லை.

புதிதாக வாங்குகிறவர்கள் 4ஜி பெட்டி கேட்டு வாங்குவது நல்லது. ஏர்டெல் 2020-ல் 3ஜி சேவையை நிறுத்திவிட்டது. பழைய தலைமுறை ஒவ்வொன்றாக விடைபெறும் காலம் இது. பல வருஷம் உழைக்க வேண்டிய பெட்டியை இன்றைக்கு 2ஜி-யில் வாங்குவதில் அர்த்தம் இல்லை. '4ஜி' என்று எழுதியிருந்தால் மட்டும் போதாது. "வோல்ட்இ அழைப்பு வருமா?" என்று கேளுங்கள். சில பெட்டிகளில் 4ஜி, இன்டர்நெட்டுக்கு மட்டும் இருக்கும். பேச்சுக்கு 2ஜி-யைத்தான் தேடும். உங்கள் சிம்மைக் கடையிலேயே பெட்டியில் போட்டு, அழைத்துக் காட்டச் சொல்லுங்கள். ஐந்து நிமிட வேலை.

சிம்மின் அளவையும் பாருங்கள். பழைய பெட்டிகளில் பெரிய சிம் போடும் இடம் இருக்கும். இப்போதைய போனிலிருந்து எடுத்த சின்ன சிம்மைப் போட, பிளாஸ்டிக் சட்டம் வைப்பார்கள். மோட்டார் கொட்டகையின் அதிர்விலும் தூசியிலும் அது லேசாக நகர்ந்தாலும் தொடர்பு விட்டுப்போகும். கம்பெனிக் கடையில் கேட்டால், மூன்று அளவிலும் உடைத்துக்கொள்ளும்படியான சிம் தருவார்கள். அதைச் சின்னதாக உடைக்காமல், பெரிய அளவிலேயே போடுவது உத்தமம்.

மோட்டாரோடும் பொருந்த வேண்டும்

சிம் சேர்ந்தால் மட்டும் போதாது. பெட்டி மோட்டாரோடும் சேர வேண்டும். சிறிய மோட்டார்களுக்கு நேரடி ஸ்டார்ட்டர், பெரிய மோட்டார்களுக்கு ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டர் இருக்கும். இரண்டுக்கும் பெட்டியின் இணைப்பு வேறு. மோட்டார் எத்தனை ஹெச்.பி, ஸ்டார்ட்டர் எந்த வகை, ஒருமுனையா மும்முனையா என்பதை எழுதிக்கொண்டு கடைக்குப் போங்கள். ஸ்டார்ட்டரை ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு போனால் இன்னும் நல்லது.

கிணற்றில் தண்ணீர் வற்றியதும் மோட்டாரை நிறுத்தும் வசதி பல பெட்டிகளில் உண்டு. மோட்டார் இழுக்கும் ஆம்பியர் குறைவதை வைத்துத்தான் பெட்டி அதைக் கண்டுபிடிக்கிறது. ஒவ்வொரு மோட்டாரும் இழுக்கும் ஆம்பியர் வேறு. அதனால் மாட்டும் அன்றே, தண்ணீர் நன்றாக வரும்போது ஆம்பியரைப் பார்த்து செட் செய்ய வேண்டும். அதைச் செய்யாமல் விட்டால், தண்ணீர் இருக்கும்போதே மோட்டார் நிற்கும். அல்லது வற்றிய பிறகும் வெறுமனே ஓடிக் காயில் கருகும். மோட்டாரை ரீவைண்டிங் செய்தாலும், வேறு பம்பு மாற்றினாலும் மறுபடி செட் செய்ய வேண்டும்.

அதேபோல, இரண்டு முனை கரண்டில் கண்டன்சர் வைத்து மோட்டார் ஓட்டும் பழக்கம் சில ஊர்களில் உண்டு. ஒரு முனை இல்லாவிட்டால் மோட்டாரைக் காப்பாற்ற உடனே நிறுத்துவது பெட்டியின் வேலை. அது நிறுத்துவதை 'ரிப்பேர்' என்று நினைத்து அந்தப் பாதுகாப்பையே துண்டித்துவிடுகிறார்கள். பிறகு மோட்டார் எரிந்தால் யாரைக் குற்றம் சொல்வது?

மொபைல் ஸ்டார்ட்டருக்கு வேளாண்மைப் பொறியியல் துறை மூலம் மானியம் தரப்படுகிறது. வாங்கிவிட்டுப் போய்க் கேட்காமல், வாங்கும் முன்பே உங்கள் பகுதி உதவிச் செயற்பொறியாளர் அலுவலகத்தில் விசாரியுங்கள்.

டீக்கடைப் பேச்சு... எது சரி?

செல்போனைப் பற்றிப் பேசாத டீக்கடை இப்போது இல்லை. அங்கே அடிபடும் சில கருத்துகளை எடுத்துப் பார்க்கலாம்.

"புது போன் வாங்கியும் நெட் ஆமை மாதிரி வருது. கம்பெனிக்காரன் ஏமாத்திட்டான்."

சிம்மைப் பாருங்கள். பத்து, பன்னிரண்டு வருடத்துக்கு முன் வாங்கிய பழைய சிம்மாக இருந்தால், 4ஜி போனில் போட்டாலும் பழைய வேகமே கிடைக்கும். கம்பெனிக் கடைக்குப் போனால் அதே நம்பருக்குப் புது 4ஜி சிம் மாற்றித் தருவார்கள். ஆனால், ஒன்றை மனதில் வையுங்கள். சிம் மாற்றிய பிறகு 24 மணி நேரத்துக்கு எஸ்.எம்.எஸ் வராது, போகாது. மோசடியைத் தடுக்க மத்திய தொலைத்தொடர்புத் துறை கொண்டுவந்த ஏற்பாடு அது. பி.எம் கிசான் கே.ஒய்.சி, பேங்க் வேலை என்று ஓடிபி வர வேண்டிய நாளில் சிம்மை மாற்றாதீர்கள்.

"8 ஜிபி ரேம், கூட 8 ஜிபி, மொத்தம் 16 ஜிபி!"

ரேம் என்பது களத்துமேடு மாதிரி. அந்த நேரத்து வேலை நடக்கும் இடம். ஸ்டோரேஜ் என்பது குதிர். சேர்த்து வைக்கும் இடம். பெட்டியில் '8+8' என்று போட்டிருந்தால், இரண்டாவது 8 நிஜ ரேம் இல்லை. குதிரின் ஒரு மூலையைத் தடுத்து, 'இதையும் களமாக வைத்துக்கொள்' என்கிறார்கள். அதில் வேகம் குறைவு; குதிரிலும் இடம் குறையும். முதல் எண்ணை மட்டும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

"5ஜி வந்தாச்சு. இனி 4ஜி போன் குப்பைக்குத்தான்."

இந்தியாவில் 5ஜி தொடங்கியது 2022 அக்டோபரில். 4ஜி டவர்களும் அப்படியே ஓடிக்கொண்டிருக்கின்றன. உங்கள் வயலில் 5ஜி சிக்னல் வராவிட்டால், அதிக விலை கொடுத்து வாங்கிய 5ஜி போனும் அங்கே 4ஜி-யில்தான் வேலை செய்யும். நன்றாக ஓடும் 4ஜி போனை அதற்காகத் தூக்கிப்போட வேண்டியதில்லை.

"எந்த ஆப்பும் எந்த போன்லயும் ஏறும்."

ஏறாது. பட்டன் வைத்த ஜியோபோனில் இன்டர்நெட் வரும். ஆனால், அது ஆண்ட்ராய்டு போன் இல்லை. உழவன் செயலியை அதில் போட முடியாது. ஆண்ட்ராய்டு போனிலும் பதிப்பு பழசானால் ஆப்புகள் ஒவ்வொன்றாகக் கைவிடும். 2023 அக்டோபரில் வாட்ஸ்அப், ஆண்ட்ராய்டு 5.0-க்குக் கீழே உள்ள போன்களை நிறுத்திவிட்டது. 'உங்கள் சாதனத்துக்குப் பொருந்தாது' என்று பிளே ஸ்டோர் சொன்னால், போன் கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை. பேச, போட்டோ எடுக்க அது ஓடும். பழைய போன் (செகண்ட் ஹேண்ட்) வாங்குகிறவர்கள், செட்டிங்ஸில் 'போனைப் பற்றி' என்ற இடத்தில் ஆண்ட்ராய்டு எண்ணைப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

"ஆப் எல்லாம் நமக்கு ஒத்துவராது. டவுன்காரங்களுக்குத்தான்."

பாதி உண்மை. நூறு ஆப் நமக்குத் தேவையில்லை. மூன்று போதும். 2018-ல் தமிழக அரசு கொண்டுவந்த உழவன் செயலியில் மானியப் பதிவு, விதை உர இருப்பு, வாடகை இயந்திரம், சந்தை விலை எல்லாம் இருக்கின்றன. மேகதூத் செயலி, மாவட்ட வாரியாக வானிலையையும் பயிர் ஆலோசனையையும் தமிழிலேயே தருகிறது. மூன்றாவது, தாமினி. புனேயில் உள்ள இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் உருவாக்கியது. நீங்கள் இருக்கும் இடத்தைச் சுற்றி 20, 40 கிலோமீட்டருக்குள் இடி விழுகிறதா என்று எச்சரிக்கும். களையெடுக்கும் ஆட்களைக் கரையேற்ற, ஆடு மேய்ப்பவரை மரத்தடியிலிருந்து நகர்த்த அந்தச் சில நிமிடங்கள் போதும்.

இதிலும் பொருத்தம் உண்டு. சில போன்களில் பேட்டரியைச் சேமிக்க, பின்னால் ஓடும் ஆப்புகளைப் போனே நிறுத்திவிடும். எச்சரிக்கை வராது. செட்டிங்ஸில் தாமினிக்கு மட்டும் பேட்டரிக் கட்டுப்பாட்டை நீக்கி, லொகேஷனையும் அறிவிப்பையும் அனுமதியுங்கள். வீட்டில் படிக்கும் பிள்ளைகளிடம் சொன்னால் இரண்டு நிமிடத்தில் செய்து தருவார்கள்.

"பி.எம் கிசான் ஆப் வாட்ஸ்அப்ல வந்துச்சு. அமுக்கினேன்."

இதுதான் எல்லாவற்றிலும் ஆபத்தான பேச்சு. 'ஏபிகே' என்று முடியும் கோப்பு, தெரிந்தவர் எண்ணிலிருந்தே வரும். அவர் போன் ஏற்கெனவே திருடர் கையில் இருக்கும். அமுக்கினால் உங்கள் போனுக்கு வரும் ஓடிபி எல்லாம் அவர்களுக்குப் போகும். பி.எம் கிசானில் வருடத்துக்கு வருவது 6,000 ரூபாய், மூன்று தவணையாக. அந்த ஆசையில் கணக்கில் இருக்கும் மொத்தத்தையும் இழந்துவிடக்கூடாது. ஆப் எதுவானாலும் பிளே ஸ்டோரில் மட்டும் எடுங்கள். பணம் போய்விட்டால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்கு அழையுங்கள்.

வாங்கும் முன் ஐந்து பொருத்தம்

1. டவர் பொருத்தம்: எந்த கம்பெனி சிக்னல் வீட்டில் வருகிறது என்பதைவிட, கிணற்றடியில் வருகிறதா என்று பாருங்கள்.

2. சிம் பொருத்தம்: பெட்டி 2ஜி-யா, 4ஜி-யா? அதற்கேற்ற கம்பெனியா? அளவு சரியா?

3. மோட்டார் பொருத்தம்: ஹெச்.பி, ஸ்டார்ட்டர் வகை, ஆம்பியர்.

4. ஆப் பொருத்தம்: வேண்டிய மூன்று, நான்கு ஆப்பையும் கடையிலேயே ஏற்றிப் பாருங்கள்.

5. ஆள் பொருத்தம்: அதைப் பயன்படுத்தப்போவது யார்? எழுத்து தெரிகிறதா? தமிழில் இருக்கிறதா? மகன் ஊருக்குப் போன பிறகு வீட்டில் இருப்பவர்களுக்கு அதை இயக்கத் தெரியுமா?

வாசகர்கள் கேட்பவை

கேள்வி: மோட்டார் கொட்டகையில் என் போனில் சிக்னல் நன்றாக இருக்கிறது. பெட்டிக்கு மட்டும் கிடைக்கவில்லை. ஏன்?

உங்கள் போன் 4ஜி சிக்னலைக் காட்டும். பெட்டி 2ஜி-யைத் தேடும். பெட்டியின் சிம்மை ஒரு பழைய பட்டன் போனில் போட்டு, அதே இடத்தில் பேசிப் பாருங்கள். அதிலும் கிடைக்காவிட்டால் கம்பெனியை மாற்றலாம். அதில் கிடைத்தால் ஆன்டெனாவைப் பாருங்கள். இரும்புப் பெட்டிக்குள் சுருட்டி வைத்த ஆன்டெனாவுக்குச் சிக்னல் எட்டாது. வெளியே, உயரமாகக் கட்டுங்கள்.

கேள்வி: மோட்டார் சிம்முக்கும் மற்ற போன் மாதிரி டேட்டாவோடு ரீசார்ஜ் செய்ய வேண்டுமா?

அழைப்பில் மட்டும் இயங்கும் பெட்டிக்கு டேட்டா தேவையில்லை. பேச்சும் எஸ்.எம்.எஸ்ஸும் மட்டும் உள்ள திட்டத்தை ஒவ்வொரு கம்பெனியும் தர வேண்டும் என்று, 2024 டிசம்பரில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் விதி கொண்டுவந்தது. இவற்றின் கால அளவு 365 நாள்வரை இருக்கலாம். கடையில் அதைக் கேட்டு வாங்குங்கள். ஆப் மூலம் இயங்கும் பெட்டியாக இருந்தால் டேட்டா வேண்டும்.

கேள்வி: நம்பர் மாறாமல் கம்பெனி மாற்றினேன். மறுபடி பழைய கம்பெனிக்கு உடனே போகலாமா?

முடியாது. மாறிய கம்பெனியில் 90 நாள் இருந்த பிறகே அடுத்து மாற முடியும். அதனால் மோட்டார் சிம்மை மாற்றும் முன் ஒரு முறைக்கு இரண்டு முறை யோசியுங்கள்.

கேள்வி: நான் போன் போட்டால் மோட்டார் ஓடுகிறது. மனைவி போட்டால் ஓடவில்லை.

பெட்டியில் பதிந்த எண்களுக்கு மட்டுமே அது கட்டுப்படும். மனைவியின் எண்ணையும் பதியுங்கள். முறை, பெட்டியோடு வந்த தாளில் இருக்கும். பெட்டியின் எண்ணை 'மோட்டார்' என்று எல்லோர் போனிலும் சேமித்து வையுங்கள். தெரியாத எண் என்று போன் ஒதுக்கிவிடாது.

வந்தவாசி விவசாயிக்கும் அந்த 90 நாள் விதி குறுக்கே நின்றது. 2ஜி வரும் கம்பெனியில் புதிதாக ஒரு சிம் வாங்கிப் பெட்டியில் போட்டார். ஏழாம் நாள் இரவு திண்ணையிலிருந்தே மோட்டார் ஓடியது. செலவு சில நூறு ரூபாய்தான். ஆனால், அறுவடையில் அந்த ஆறு நாள் தெரிந்தது. செடியைப் பிடுங்கிப் பார்த்தபோது காய்க்கு இணையாகப் பொக்கும் இருந்தது.

இப்போது அவர் வீட்டுக் காலண்டரில், பால் கணக்குக்குப் பக்கத்தில் மோட்டார் சிம்மின் நம்பரும், ரீசார்ஜ் முடியும் தேதியும் எழுதியிருக்கிறது. அதன் கீழே மகனின் கையெழுத்தில் ஒரு வரி: 'இந்த சிம்மை மாற்றக்கூடாது.'